நான்காம் எண்ணுக்குரிய பாட்டு

ஒரே ஒரு வாக்கியம். 'அண்ணனுக்கு நான்காம் எண் கிடைத்துவிட்டது.' ஐந்து வாரங்களுக்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, சயோ அதை எழுதிக் கடலுக்கு அனுப்பினாள். எழுத்துப் பிழை இல்லை. ஒவ்வொரு சொல்லும் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. உண்மை மட்டும்தான் அதில் இல்லை.

அன்று ஷியோமி உயர்நிலைப்பள்ளியின் பேஸ்பால் பயிற்சியாளர், கோடைப் போட்டியில் ஆடுவோர் முதுகில் தைக்கும் இருபது எண்களையும் வரிசையாக வாசித்து, பெற்றுக்கொள்ள வேண்டியவர்களை அழைத்தார். மூன்று ஆண்டுகள் இரண்டாம் பேஸில் புழுதி தின்ற ஓனோதேரா ஷூஹெய்யின் பெயர் அவற்றில் இல்லை. இரண்டாம் பேஸ்காரனுக்குரிய நான்காம் எண், இரண்டாம் ஆண்டு மாணவன் நிட்டாவுக்குப் போயிற்று. ஷூஹெய் வீட்டுக்கு வந்து, காலணியைக் கழற்றாமலே வாசற்படியில் உட்கார்ந்தான்.

"அப்பாவுக்கு நீயே எழுதிடு சயோ. என்னால முடியாது" என்றான்.

சூரை மீன் பிடிக்கும் கப்பலில் எஞ்சின் பார்க்கும் தந்தை முனேவோவுக்கு ஞாயிறுதோறும் மின்னஞ்சல் எழுதுவது சயோவின் வேலை. வரும் பதிலை இரவு உணவின்போது உரக்க வாசிப்பதும் அவள்தான். அன்று அவள் எழுத உட்கார்ந்தபோது தந்தையின் கடிதம் முந்திக்கொண்டு வந்திருந்தது. எண் கிடைத்தவுடன் தெரிவிக்கும்படியும், எஞ்சின் அறை முழுவதும் காத்திருப்பதாகவும், சமையல்காரர் சிவப்புப் பயறு போட்டு மங்கலச் சோறு ஆக்கித் தருவதாகச் சொல்லியிருப்பதாகவும் எழுதியிருந்தார். பதினான்கு மாதக் கடல்வாழ்வில் அவர் கேட்ட ஒரே செய்தி அது. கப்பல் ஆகஸ்ட் கடைசியில்தானே திரும்பும், அதற்குள் போட்டி முடிந்திருக்கும், நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று சயோ கணக்குப் போட்டாள்.

அதன்பின் வந்த கடிதங்களில் எண்ணைப் பற்றிய வரிகளைத் தாண்டித் தாண்டியே வாசித்தாள். அண்ணனோ, தந்தைக்கு எல்லாம் தெரியும் என்றும், தெரிந்தும் ஒரு வார்த்தை எழுதவில்லை என்றும் நினைத்துக்கொண்டிருந்தான்.

ஆகஸ்ட் கடைசிவரை நேரம் இருக்கிறது என்ற அந்தக் கணக்கு, கால் இறுதிப் போட்டியன்று காலை ஏழேகால் மணிக்குப் பொய்த்தது. பள்ளி ஊதுவாத்தியக் குழுவோடு பேருந்தில், ட்ரம்பெட் பெட்டியை மடியில் வைத்திருந்த சயோவின் கைப்பேசியில் அம்மாவின் செய்தி வந்தது.

'அப்பா கப்பல் நேத்தே யைசுத் துறைமுகத்துல கரை பிடிச்சிருச்சாம். ஸ்டேஷன் பூத்துலேருந்து பேசினார். வண்டி வந்திருச்சுன்னு வெச்சுட்டார். நேரா மைதானத்துக்கே வர்றார். பெரிய கொடி ஒண்ணு தைக்கச் சொல்லி வாங்கிட்டு வர்றாராம். கோபமெல்லாம் போயிருச்சு போல. அண்ணன்கிட்ட மூச்சு விடாதே.'

சயோ அதை இரண்டு முறை படித்தாள். தந்தையிடம் கைப்பேசி கிடையாது. அவர் ரயிலில் இருக்கிறார். இனி அவரைத் தடுக்க வழியில்லை. அண்ணனிடமாவது முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

மைதானத்தின் பின்வாசலில் வாத்தியங்களை இறக்கும்போது ஷூஹெய் பெரிய முரசைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தான். எண் கிடைக்காத மூன்றாம் ஆண்டு மாணவர்கள் எல்லாரும் ஆட்டச் சீருடையிலேயே பார்வையாளர் பக்கம் நின்று அணிக்காகக் கத்துவார்கள். அவர்களுக்குத் தலைவன் இப்போது அவன்தான்.

"அண்ணா, ஒரு நிமிஷம்."

"ஒரு நிமிஷமெல்லாம் கிடையாது. முதல்ல எல்லாருக்கும் தண்ணி குடு. போன ஆட்டத்துல குழல் ஊதற பொண்ணு மயங்கி என் கால்மேலயே விழுந்தா. இன்னும் வலிக்குது."

முரசுக்காரி கொமாகி சிரித்தாள். "அவ விழுந்ததுல வலியா, இல்ல அவளுக்கு நீங்க விசிறினதுல வலியா?"

"உன் வாய்க்குத்தான் இவ்வளவு பெரிய முரசு குடுத்திருக்காங்க, தூக்கு" என்று சொல்லிவிட்டு அவன் படியேறிப் போய்விட்டான்.

அவன் போன வழியிலேயே நிட்டா வந்தான். சயோவின் வகுப்புதான், அவளுக்குப் பின்பெஞ்சு. ஐந்து வாரமாக அவள் அவனோடு பேசவில்லை. புதிதாய்த் தைத்த நான்காம் எண் அவன் முதுகில் விறைப்பாக இருந்தது.

"ஓனோதேரா, அந்தப் பாட்டு எனக்கு வேண்டாம்னு உங்க அண்ணன்கிட்ட மூணு தடவை சொல்லிட்டேன். கேக்கமாட்டேங்கறார். நீயாவது வேற ஏதாவது ஊதேன்."

"போர்டுல எந்தப் பாட்டுப் பேரைத் தூக்கறாங்களோ அதைத்தான் ஊதுவேன்."

"என்மேல கோபம்னா திட்டிரு. இப்படிப் பேசாம இருக்கறது..."

"ஆட்டத்தைப் பாரு நிட்டா."

அந்தப் பாட்டு, ஷியோமித் துறைமுகத்தில் படகுகள் கரை திரும்பும்போது ஒலிபெருக்கியில் போடும் பாட்டு. சென்ற ஆண்டு அண்ணன் மட்டை பிடிக்க வரும்போது வாசிப்பதற்காக, சயோ பதினோரு நாள் உட்கார்ந்து அதை ஊதுவாத்தியங்களுக்கு எழுதினாள். முதல் எட்டு சுரங்களை அவளுடைய ட்ரம்பெட் மட்டும் தனியே ஊதும். பிறகு நாற்பது வாத்தியங்களும் சேர்ந்து விழும். அந்தப் பாட்டு கேட்டால் ஷூஹெய் வருகிறான் என்று துறைமுகத்துக் கிழவர்களுக்குக்கூடத் தெரியும். எண் போன மறுநாள் ஷூஹெய் அந்தப் பாட்டின் பெயர் எழுதிய பலகையை எடுத்து, 'இது இனிமே நாலாம் நம்பரோட பாட்டு. நம்பர் எங்க போகுதோ அங்க போகட்டும்' என்று முடித்துவிட்டான். சயோ அன்றிரவு சாப்பிடவில்லை.

பத்து மணிக்கு சைரன் ஒலித்தது. எதிரணி முதலில் மட்டை பிடித்தது. எதிரணி மட்டை பிடிக்கும்போது நம் வாத்தியங்கள் மடியில் கிடக்க வேண்டும். அந்த ஒழுங்கை எந்தப் பள்ளியும் மீறுவதில்லை. அந்த இடைவெளியில் ஷூஹெய் வரிசை வரிசையாக உப்பு மிட்டாய் கொடுத்துக்கொண்டு வந்தான். சயோ அவன் சட்டைக் கையைப் பிடித்தாள்.

"அண்ணா, அப்பா..."

அவன் முகம் சட்டென்று மூடிக்கொண்டது.

"அப்பா பேச்சு வேண்டாம். அஞ்சு வாரம் சயோ. ஒரு வரி எழுதினாரா? 'பரவாயில்லடா'ன்னு வேண்டாம். 'ஏண்டா விட்டே'ன்னு திட்டியாவது ஒரு வரி. எண் இல்லாத பையன் அவருக்குப் பையனே இல்ல போல."

"அப்படி இல்லண்ணா, அது வந்து..."

"இந்தா, மிட்டாயை வாயில போடு. உதடு காஞ்சா சுரம் உடையும்."

அடுத்த வரிசைக்குப் போய்விட்டான். அவன் முதுகு வெறும் வெள்ளையாக இருந்தது. அந்த வெண்மையைப் பார்த்தபடி சயோ மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டாள். இப்போது சொன்னால் இவன் இங்கே எப்படி நிற்பான், எதைக் கத்துவான் என்று தோன்றியது. அடுத்த சுற்றில் சொல்லலாம் என்று நினைத்தாள். இப்படியே நான்கு சுற்றுகள் போயின.

ஐந்தாம் சுற்று முடிந்து, மண்ணைச் சமன்செய்ய ஆட்கள் இறங்கினார்கள். சயோ ட்ரம்பெட்டை ஈரத்துண்டில் சுற்றி வைத்துவிட்டு, பெற்றோர் வரிசையில் இருந்த அம்மாவிடம் ஓடினாள். கசுயோ பார்லித் தேநீர்க் குடுவையோடு நின்றிருந்தாள்.

"அம்மா, அப்பாவுக்குத் தெரியாது."

"எது தெரியாது?"

"அண்ணனுக்கு நம்பர் போனது. நான் எழுதல. கிடைச்சிருச்சுன்னு எழுதிட்டேன்."

கசுயோ குடுவையின் மூடியை மூடினாள். அது சரியாக மூடியிருந்தும் மறுபடி திருகினாள்.

"ஒவ்வொரு வாரமும் லெட்டர் படிச்சியே. அதெல்லாம்?"

"அந்த வரியை மட்டும் விட்டுட்டுப் படிச்சேன்."

"அடிப்பாவி." குரல் உயரவில்லை. அதுதான் சயோவுக்குப் பயமாக இருந்தது. "அந்தப் புள்ள ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் சோத்தைப் பாதியில வெச்சுட்டு எழுந்து போனான். ஏன்னு எனக்குத் தெரியும். உனக்கும் தெரியும். பார்த்துக்கிட்டுத்தானே இருந்தே?"

"சொல்லிடலாம்னுதான்..."

"இப்ப அழாதே. அழுதா ஊத முடியாது. நான் முன்வாசல்ல போய் நிக்கறேன். அவர் உள்ள வர்றதுக்கு முன்னாடி நானே சொல்லிடறேன். அண்ணன்கிட்ட நீ சொல்லு. அதையாவது செய்."

கழுத்துத் துண்டை இறுக்கிக்கொண்டு அம்மா படியிறங்கினாள்.

ஆறாம் சுற்றில் சொல்ல முடியவில்லை. பின்வரிசையில் ஒருத்திக்கு மயக்கம் வந்து, ஷூஹெய் அவளை நிழலுக்குத் தூக்கிப் போனான். ஏழிலும் எட்டிலும் அவன் தொண்டை கட்டிப்போய், பனிக்கட்டியைக் கழுத்தில் வைத்துக்கொண்டு கண்ணை மூடி நின்றான். காரணங்கள் நியாயமானவைதான். ஆனால் ஒவ்வொரு முறையும் சயோவின் நெஞ்சில் ஒரு சின்ன நிம்மதி எழுந்ததே, அதற்கு நியாயம் கிடையாது.

கடைசிச் சுற்றான ஒன்பதாம் சுற்றின் பின்பாதி வந்தது. எதிரணி மூன்று ஓட்டம், ஷியோமி இரண்டு. இருவர் அவுட், இன்னும் ஒருவன்தான் மிச்சம். இரண்டாம் பேஸில் ஓர் ஆள் நின்றான். தோற்றால் கோடை இன்றோடு முடிந்தது. மூன்றாம் ஆண்டு மாணவர்களுக்கு அடுத்த கோடை கிடையாது.

மட்டை பிடிக்க நிட்டா நடந்து வந்தான்.

ஷூஹெய் மைதானத்துக்கு முதுகைக் காட்டி, பார்வையாளர்களை நோக்கி நின்றான். முன்னே நின்று கத்துகிறவன் ஆட்டத்தைப் பார்க்கக் கூடாது. எதிரே இருக்கும் முகங்களைப் பார்த்தே அவன் எல்லாவற்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். இந்தக் கோடை முழுவதும் அவன் ஒரு பந்தைக்கூடத் திரும்பிப் பார்த்ததில்லை. குனிந்து பலகையை எடுத்துத் தலைக்குமேல் தூக்கினான். அவன் கையெழுத்திலேயே அந்தப் பாட்டின் பெயர் இருந்தது.

சயோ ட்ரம்பெட்டை உதட்டில் வைத்தாள். எட்டு சுரங்களும் சுத்தமாகப் போயின. பின்னால் நாற்பது வாத்தியங்களும் இடிபோல் விழுந்தன.

"தூக்கி அடி, தூக்கி அடி, நிட்டா!"

முதல் பந்து ஸ்ட்ரைக். இரண்டாவதும் ஸ்ட்ரைக். பாட்டு இரண்டாம் முறை சுற்றி வந்தபோது, சயோவின் சுரத்தாளின்மேல் ஒரு நிழல் விழுந்தது. சிவப்பும் நீலமும் கலந்த நிழல்.

அவளுக்குப் பின்னால், மேற்படியிலிருந்து ஒரு குரல் வந்தது. எஞ்சின் இரைச்சலை மீறிப் பேசிப் பழகிய குரல்.

"டேய் ஷூஹெய்! உங்கப்பன் வந்துட்டேன்டா! அடிடா!"

முரசை அடித்துக்கொண்டே கொமாகி கிசுகிசுத்தாள். "சயோ, திரும்பாதே. படகுல கட்டற மாதிரி பெரிய கொடி. சூரை மீன் படம். நடுவுல உங்க அண்ணன் பேரு, பக்கத்துல நாலுன்னு போட்டிருக்கு."

அம்மா முன்வாசலில் நின்றிருந்தாள். அவரோ பாட்டு கேட்ட திசையிலேயே ஓடி, வாத்திய வண்டி நிற்கும் பின்வாசல் வழியாக வந்துவிட்டார். பாட்டு கேட்டால் மகன் மட்டை பிடிக்கிறான் என்பது, சயோவின் கடிதங்களிலிருந்து அவருக்குத் தெரிந்த ஒரே கணக்கு. அங்கே, இடதுகை ஆட்டக்காரன் ஒருவன் இந்தப் பக்கம் முதுகைக் காட்டி நிற்கிறான். முதுகில் நான்கு. ஷூஹெய்யும் இடதுகைதான். பதினான்கு மாதத்தில் பிள்ளைகள் வளர்ந்துவிடுவார்கள். அவருக்குச் சந்தேகம் எங்கிருந்து வரும்?

சயோ திரும்பவில்லை. திரும்பத் தேவையும் இல்லை. எதிரே அண்ணனின் முகம் இருந்தது.

அவன் கை காற்றில் நின்றுவிட்டது. ஒரே ஒரு தாளம். அந்த ஒரு தாளத்துக்கு மொத்தக் கூட்டமும் தடுமாறியது. அவன் கண்கள் அவளுக்குமேல், கொடியின்மேல், தன் பெயரின்மேல் இருந்தன. முகத்தில் முதலில் ஒன்றும் இல்லை. பிறகு நெற்றி மெல்லச் சுருங்கியது. வாரக்கணக்கில் புரியாத ஒன்று புரியத் தொடங்கும்போது சுருங்குவதுபோல.

கை மறுபடி கீழே இறங்கியது.

"நிட்டா!" என்று கத்தினான். குரல் நடுவில் கிழிந்தது.

"ஷூஹெய்!" என்று மேலிருந்து தந்தை கத்தினார்.

அடுத்த பந்து ஃபவுல்; மட்டையில் பட்டுக் கோட்டுக்கு வெளியே போனது, அவுட் இல்லை. பாட்டு முதலிலிருந்து. அடுத்ததும் ஃபவுல். மறுபடி முதலிலிருந்து. மட்டைக்காரன் நிற்கும்வரை பாட்டும் நிற்காது. அவள் ஊதுவதை விட்டால் அந்த எட்டு சுரங்களுக்கு வேறு ஆள் கிடையாது. 'அப்பா, அது அண்ணன் இல்லை' என்று சொல்ல வேண்டிய வாயில் பித்தளை அழுந்தியிருந்தது. உதடு வெடித்து உப்புக் கரித்தது. மூன்றாவது ஃபவுல். நான்காவது.

"நிட்டா!"

"ஷூஹெய்!"

"நிட்டா!"

அக்கம்பக்கத்தில் இருந்தவர்கள் கொடியைப் பார்ப்பதும், ஷூஹெய்யைப் பார்ப்பதும், உடனே தலையைக் குனிந்துகொள்வதுமாக இருந்தார்கள்.

அப்போது அந்த ஓசை கேட்டது. பந்து மட்டையின் நடுவில் பட்டால் மட்டும் வரும் ஓசை. எதிரே இருந்த அத்தனை முகங்களும் ஒரே நொடியில் திறந்தன.

ஷூஹெய் திரும்பினான்.

இந்தக் கோடையில் முதல்முறையாக, ஒழுங்கை மீறி, முழு உடம்போடு மைதானத்தின் பக்கம் திரும்பினான். பந்து முதல் பேஸுக்கும் இரண்டாம் பேஸுக்கும் நடுவே உருண்டு ஓடியது. "ஓடு நிட்டா, ஓடு, ஓடு!" என்று இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அலறினான். அவனுடைய முதுகு இப்போது கூட்டம் முழுவதற்கும் தெரிந்தது. எண் இல்லாத, வெறும் வெள்ளை முதுகு.

மேலே இருந்த குரல் பாதி வார்த்தையில் நின்றது.

இரண்டாம் பேஸில் இருந்தவன் ஓடிவந்து ஓட்டத்தை முடித்தான். மூன்றுக்கு மூன்று. ஆசைப்பட்டு இரண்டாம் பேஸுக்கு ஓடிய நிட்டாவைத் தொட்டு அவுட் ஆக்கிவிட்டார்கள். பாட்டு அறுந்தது. ஆட்டம் பத்தாம் சுற்றுக்குப் போயிற்று.

கூட்டம் ஆடி, கட்டிப்பிடித்து, அழுது, மெல்ல அடங்கியது. மேற்படியிலிருந்து ரப்பர்க் காலணியின் சத்தம் ஒவ்வொரு படியாக இறங்கி வந்தது. சுருட்டாத கொடி அவருக்குப் பின்னால் படிகளில் இழுபட்டது. முனேவோ மகனுக்கு எதிரே வந்து நின்றார். வெயிலில் கறுத்து, கன்னம் ஒட்டியிருந்தார்.

"உன் நம்பர் எங்கடா?"

ஷூஹெய் தொப்பியைக் கழற்றினான். "உங்களுக்குத் தெரியாதாப்பா?"

"என்ன தெரியணும்? நாலுன்னு எழுதினீங்க. இருபத்திரண்டு பேரு சிவப்புச் சோறு தின்னோம். கேப்டன் சங்கு ஊதினார்டா உனக்காக, நடுக்கடல்ல."

"கிடைக்கலன்னு எழுதச் சொன்னேன். அன்னிக்கே." ஷூஹெய் தொப்பியைக் கசக்கினான். "நீங்க ஒண்ணும் சொல்லலன்னதும், என்னை வேண்டாம்னு விட்டுட்டீங்கன்னு நினைச்சேன்."

"உன்னை? நானா?" முனேவோவின் கை கொடியின் ஓரத்தை இறுக்கிப் பிடித்தது. "வாராவாரம் ஒரு பக்கம் எழுதினேனேடா. உன்னைப் பத்தி எழுதாத வாரமே இல்லையே."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு, ஒருவர் சொல்லாமலே மற்றவர் உணர்ந்ததுபோல, இரண்டு தலைகளும் சேர்ந்தே சயோவின் பக்கம் திரும்பின. முன்வாசலிலிருந்து மூச்சிரைக்க ஓடிவந்த கசுயோ, படியின் பாதியில் அப்படியே நின்றுவிட்டாள்.

எதிரணி மட்டை பிடிக்க வந்தது. மைதானத்தின் அந்தப் பக்கம் அவர்களுடைய முரசு முழங்கத் தொடங்கியது. இந்தப் பக்கம் நாற்பது வாத்தியங்களும் மடியில் இறங்கின. பின்வரிசை வரைக்கும் அமைதி. ஒளிந்துகொள்ள சயோவுக்கு ஒரு பாட்டும் இல்லை.

அவள் எழுந்து நின்றாள்.

"நான்தான்ப்பா."

முனேவோ வாயைத் திறந்தார். ஷூஹெய் கையை நீட்டித் தந்தையைத் தடுத்தான். கண்களைத் தங்கையின் முகத்திலிருந்து எடுக்கவில்லை. அவள் பயந்த கோபம் அந்தக் கண்களில் இல்லை. அதைவிடப் பயங்கரமான ஒரு நிதானம் இருந்தது. கீழே கிடந்த பலகையை எடுத்து, தூசியைத் தட்டி, மார்போடு அணைத்துக்கொண்டான்.

"மூணு அவுட் ஆகற வரைக்கும் நேரம் இருக்கு, சயோ. ஒரு வரிகூட விடாம எல்லாத்தையும் சொல்லு. அப்புறம் நாம மட்டை பிடிக்கணும். நீ ஊதணும்."

மைதானத்தில் முதல் பந்து விழுந்தது. நடுவர் கையை உயர்த்தினார்.

"ஸ்ட்ரைக்!"